ஓர் இடத்துக்கு 353 பேர்: நெல்லைச் சீமையில் வேலை தேட ஆகும் செலவு

221, 251, 301, 326, 353. 2018 முதல் 2025 வரை தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய ஐந்து குரூப் 4 தேர்வுகளில், அறிவிப்பில் சொல்லப்பட்ட ஓர் இடத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற கணக்கு இது. 2018 பிப்ரவரி 11 தேர்வுக்கு 9,351 இடம், 20.69 லட்சம் விண்ணப்பம். 2019 செப்டம்பர் 1-ல் 6,491 இடத்துக்கு 16.3 லட்சம். 2022 ஜூலை 24-ல் 7,301 இடத்துக்கு 22 லட்சம். 2024 ஜூன் 9-ல் 6,244 இடத்துக்கு 20.36 லட்சம். 2025 ஜூலை 12-ல் 3,935 இடத்துக்கு 13.89 லட்சம்.

விண்ணப்பம் ஏறியும் இறங்கியும் போயிருக்கிறது. மொத்தத்தில் இடங்கள் அதைவிட வேகமாகக் குறைந்திருக்கின்றன; விகிதம் மட்டும் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. அறிவிப்புக்குப் பிறகு இடங்கள் கூட்டப்படுவது வழக்கம்தான். 2024-ல் 6,244 என்று தொடங்கியது 9,491-ல் போய் நின்றது. அப்போது விகிதம் 215 ஆகிவிட்டது. ஆனால் அந்த 9,491 தெரியவந்தது தேர்வு முடிவு வெளியான அக்டோபர் 28-ஐ ஒட்டித்தான். படிக்க உட்காருவதா, திருப்பூருக்கு ரயில் ஏறுவதா என்று அம்பாசமுத்திரத்துப் பையன் முடிவெடுப்பது அறிவிப்பு வந்த நாளின் எண்ணை வைத்து. அதனால் இந்தக் கட்டுரையும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறது.

வரிசை ஏன் நீண்டது என்பதற்கு இரண்டு தேதிகள் போதும். 2020 மே 7-ல் மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 59 என்பது 60 ஆனது. ஊரடங்கில் வருமானம் வற்றிய கஜானா, ஓய்வுபெறுவோருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. நிதித்துறைக் கண்ணால் பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம். நாற்காலி காலியாகும் என்று காத்திருந்தவன் கண்ணுக்கு, 2020 மே கடைசியில் எழுந்திருக்க வேண்டியவர் 2022 வரை எழுந்திருக்கவில்லை. பதிலுக்கு 2021 செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான வயது உச்சவரம்பை அரசு இரண்டு ஆண்டு உயர்த்தியது. பொதுப் பிரிவுக்கு 30 என்றிருந்தது 32 ஆனது. உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு ஆண்டு, நிற்பவருக்கு இரண்டு ஆண்டு. பேரேட்டில் இரண்டும் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். முதலாமவருக்குக் கிடைத்தது சம்பளத்தோடு இரண்டு ஆண்டு.

2019 செப்டம்பர் தேர்வுக்கும் 2022 ஜூலை தேர்வுக்கும் நடுவே 34 மாதமும் 23 நாளும் ஓடின. 2019 தேர்வின் முடிவு 72 நாளில் வந்தது. 2022 தேர்வின் முடிவுக்கு 243 நாள் பிடித்தது, 2023 மார்ச் 24 வரை. 2024-ல் 141 நாள், 2025-ல் 102 நாள். இந்த நாட்களில் தேர்வெழுதியவன் என்ன செய்வான் என்பதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. எழுதியாகிவிட்டது, ஆகவே படிக்க ஒன்றுமில்லை. முடிவு வரவில்லை, ஆகவே வேறு வேலையில் முழு மனதோடு சேர முடியாது. டீக்கடையில் பார்க்கிற மாமா “என்னடே, எப்பம் வரும் ரிசல்ட்டு?” என்று கேட்பார். அடுத்த வாரமும் அதையே கேட்பார்.

இனி செலவுப் பக்கம். கணக்குக்காக ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர், பட்டதாரி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு, ஆண். காலம் 2022-23. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கோ, பெருமாள்புரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கோ மாதம் 12 நாள் போய்வருகிறான். பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். நூலகத்தில் உட்கார யாரும் காசு கேட்பதில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் காசு.

அம்பை என்கிற அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுண், சந்திப்பு என்று ஆற்றோரமாகவே வரும் செங்கோட்டைப் பாசஞ்சர். கொரோனாவுக்கு முன் இதற்குச் சாதாரண இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். ஊரடங்கு முடிந்து ரயில்கள் திரும்பியபோது, நாடெங்கும் பாசஞ்சர்கள் “சிறப்பு விரைவு” என்று பெயர் மாறி வந்தன. ரயில் அதே ரயில், நிற்கிற ஊரும் அதே ஊர்; குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 30 ரூபாய். பழைய 10 ரூபாய் திரும்ப வந்தது 2024 பிப்ரவரி கடைசியில். இடைப்பட்ட காலத்தில் போய்வர 20 ரூபாய் என்றிருந்தது 60. ஒரு பயணத்துக்குக் கூடுதல் 40. மாதம் 12 பயணத்துக்கு 480 ரூபாய்.

அதனால் அவன் பஸ்ஸுக்கு மாறியிருப்பான். 2018 ஜனவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா. 35 கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 30 காசு, ஸ்டேஜ் கணக்கில் 21 என்று வைப்போம். அதுவும் சாதாரணக் கட்டண வண்டி கிடைத்தால்தான். இறங்கியபின் டவுன் பஸ்ஸுக்கு 7. ஒருநாள் போய்வர 56 ரூபாய், 12 நாளுக்கு 672.

அவன் தங்கை இதே பாதையில் சேரன்மகாதேவியிலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் வந்தால் டிக்கெட் இல்லை. 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம். நான் பார்த்தவரை வேலை தேடும் பெண்களின் செலவுக் கணக்கில் அரசு நேராகத் துடைத்துவிட்ட ஒரே வரி அதுதான். ஆனால் புறநகர் வண்டியில் அந்தச் சலுகை கிடையாது. பாபநாசம், வி.கே.புரம் பக்கத்துப் பெண் நெல்லை வர முழுக் கட்டணம்தான்.

இந்தக் காலத்தில் எட்டாத தூரத்துக்குப் போன இன்னொன்று செல்போன் ரீசார்ஜ். தினம் 1.5 ஜிபி தருகிற ஜியோவின் 28 நாள் திட்டம் 2021 நவம்பர் வரை 199 ரூபாய், டிசம்பரில் 239, 2024 ஜூலையில் 299. இது மாதக் கட்டணம் என்று நினைப்பவர்கள் 28-ஐக் கவனிப்பதில்லை. 365 நாளில் 28 நாள் பதின்மூன்று முறை வரும். ஆண்டுக்கு 2,587 என்றிருந்தது 3,107 ஆகி, பிறகு 3,887 ஆனது. பதின்மூன்றாவது மாதத்தைக் கண்டுபிடித்த ஒரே வியாபாரம் இதுதான். ரீசார்ஜை விட்டுவிட்டுப் படிக்கலாமே என்றால் அது முடியாது. ஓடிபி வருவது அதில், ஹால் டிக்கெட் வருவது அதில், யூடியூப் வகுப்பு அதில், பழைய பாடப்புத்தகப் பிடிஎஃப் அதில்.

விண்ணப்பக் கட்டணங்கள் தனி ரகம். தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்தாண்டுக்குச் செல்லும். குரூப் 4-க்கு 100, குரூப் 2 முதல்நிலைக்கு 100. பட்டியல் இனத்தவருக்கு முழு விலக்கு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சில முறை இலவசம். சீருடைப் பணியாளர் தேர்வுக்கு 250. மத்திய அரசின் எஸ்எஸ்சிக்கு 100. ரயில்வேக்கு 500, முதல் தேர்வை எழுதினால் 400 திரும்பி வரும். வங்கி எழுத்தர் தேர்வுக்கு 850. பிற்படுத்தப்பட்டவனுக்கும் அதே 850. ஒரு முறை எல்லாவற்றுக்கும் போட்டால் 2,050. ரயில்வே 400-ஐத் திருப்பித் தந்தபின் 1,650. இலவச வாய்ப்பு தீர்ந்துபோனவன் கணக்கு இது. மாநிலத் தேர்வாணையத்துக்குக் கட்டுகிற மூன்று வரிகளும் சேர்ந்து 350. வங்கி ஒன்றே 850. இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு நியாயமும் எனக்குப் புரிபடவில்லை. கணினித் தேர்வு நடத்தச் செலவாகும் என்பார்கள். ரயில்வேயும் எஸ்எஸ்சியும் கணினியில்தான் நடத்துகின்றன.

திரும்பி வரும் அந்த 400 ரூபாய்க்கும் ஒரு கதை உண்டு. 2019 மார்ச்சில் ரயில்வே தேர்வு வாரியங்கள் என்டிபிசி எனப்படும் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கு விண்ணப்பம் வாங்கின. 35,000-த்துச் சொச்சம் இடத்துக்கு 1.25 கோடிப் பேர். ஓர் இடத்துக்கு 355. நம் குரூப் 4-இன் 353-க்கு அண்ணன் முறை. முதல்கட்டத் தேர்வு தொடங்கியது 2020 டிசம்பர் 28-ல், முடிந்தது 2021 ஜூலை 31-ல். 400 ரூபாய் இரண்டு ஆண்டுக்கு மேல் வட்டியில்லாமல் ரயில்வேயிடம் இருந்தது. ஒரு வீட்டுக்கு அது பெரிய தொகையில்லை. ஒரு கோடி வீட்டுக்கு என்ன என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு மையம் எங்கே விழும் என்பது இன்னொரு சூதாட்டம். நெல்லையிலிருந்து சென்னைக்கு 650 கிலோமீட்டர். படுக்கை வகுப்பில் ஒருவழிக்கு 400 ரூபாய்க்குப் பக்கம். 2023 செப்டம்பர் 24 முதல் ஓடுகிற வந்தே பாரத்தில் இருக்கை 1,600-க்கு மேல். தேர்வெழுதப் போகிறவன் நெல்லை எக்ஸ்பிரஸில் கழிப்பறை ஓரத்து முன்பதிவில்லாப் பெட்டியில்தான் போவான். 2025 மார்ச்சில் ரயில்வே உதவி ஓட்டுநர் இரண்டாம் கட்டத் தேர்வுக்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்குத் தெலங்கானாவில் மையம் போட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பலருக்கு 19-ஆம் தேதி தேர்வு நடக்கவில்லை, தொழில்நுட்பக் கோளாறு. அந்தப் பயணத்துக்கு யாரும் திருப்பித் தருகிற வரி எந்தப் பேரேட்டிலும் இல்லை.

ஆக, அம்பைப் பையனின் ஒரு மாதம், வெளியூர்த் தேர்வுப் பயணத்தைச் சேர்க்காமல்:

பஸ் 672
டீ, வடை (நாளுக்கு 25) 300
ரீசார்ஜ் (13 முறையை 12 மாதத்துக்குப் பிரித்தால்) 259
விண்ணப்பக் கட்டணம் (ஆண்டுக்கு 1,650) 138
பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் 100
மாத இதழ், பழைய வினாத்தாள் 150
மொத்தம் 1,619 ரூபாய்.

டீ, ஜெராக்ஸ், இதழ் மூன்றும் என் மதிப்பீடு. கையை இறுக்கிப் பிடித்தே போட்டிருக்கிறேன். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில் வருகிறது. சட்டை, செருப்பு, சிநேகிதன் கல்யாணத்துக்கு மொய் எதுவும் இதில் இல்லை. தனியார் பயிற்சி மையத்துக் கட்டணத்தைச் சேர்த்தால் இந்தக் கணக்கே வேறு உருவம் எடுக்கும், அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அதில் வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும்.

சான்றிதழ் என்றதும் 2023 டிசம்பர் 17, 18 நினைவுக்கு வராமல் இருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி வீடுகளுக்குள் வந்தது. அரிசியும் துணியும் போனது ஒருபுறம். டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் இருந்த மார்க் ஷீட்டுகள் நனைந்து மாவாகிப் போயின. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் நிவாரணம் வந்தது. நகல் சான்றிதழை இலவசமாகத் தர முகாம்கள் நடத்தினார்கள், அது உருப்படியான காரியம். பட்டச் சான்றுக்கு அலைந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு பஸ் செலவு மிச்சமாகவில்லை.

வரவுப் பக்கம் சிறியது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாநில அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. காலாண்டுக்கு ஒருமுறை வங்கியில் விழும், மூன்று ஆண்டு மட்டும். மொத்தம் 21,600 ரூபாய். மாதக் கணக்கில் 600 என்பது நம் பையனின் பஸ் செலவைவிட 72 ரூபாய் குறைவு. 21 வயதில் பட்டம் வாங்கிப் பதிந்தவன் 26-ல் தகுதி பெறுவான், 29-ல் நின்றுபோகும்.

பணம் குறைவு என்று சொல்வது எளிது. தகுதிக் கோட்டைப் பார்த்தால்தான் மனது கசக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக் கூடாது. 2022-23-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான ஊதியம் நாளுக்கு 281 ரூபாய். அந்தக் கூலிக்கு ஒருவர் ஆண்டில் 257 நாள் வேலை செய்தால் குடும்பம் கோட்டைத் தாண்டிவிடும். 2025-26-ல் அந்த ஊதியம் 336. அப்போது 215 நாள் போதும். கூலி ஏறுகிறது, கோடு அங்கேயே நிற்கிறது. அதாவது அப்பா வருஷத்தில் ஐந்து மாதம் மண்வெட்டியைத் தொடாமல் இருந்தால்தான் மகன் வேலையில்லாதவன் என்று அரசுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1,000. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் அதே 1,000. அம்மாவுக்கு 2023 செப்டம்பர் முதல் உரிமைத் தொகை 1,000. இவை எல்லாம் நல்ல திட்டங்கள், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் கல்லூரியில் இருக்கும்வரை 1,000, பட்டம் வாங்கிய மறுமாதம் பூஜ்யம், ஐந்து ஆண்டு கழித்து 600. கைச்செலவுக்கு அதிகம் தேவைப்படும் ஐந்து ஆண்டுகளில்தான் வரி காலி.

அந்தக் காலி வரியை யார் நிரப்புகிறார்கள்? முக்கூடல், சேரன்மகாதேவி, மேலப்பாளையம், பேட்டை வட்டாரங்களில் பல வீட்டில் பதில் திண்ணையிலேயே முறத்தோடு உட்கார்ந்திருக்கும். பீடி சுற்றும் அம்மா. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுக்கட்டாகக் கடையில் கொடுத்தால் கழித்தது போக மீதிக்குக் காசு. 2017 ஜூலையிலிருந்து 2026 ஜனவரி வரை பீடிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம்; அதன்பின் 18. விண்ணப்பக் கட்டணம் 850 ரூபாயை எத்தனை ஆயிரம் பீடியாக மாற்றலாம் என்று பையன் கணக்குப் போடுவான். போட்டதை வெளியே சொல்ல மாட்டான்.

இதுவரை எழுதியது எல்லாம் சில்லறை. பெரிய தொகை பேரேட்டில் ஏறாதது, அதாவது காத்திருந்த காலத்தில் சம்பாதிக்காமல் விட்டது. ஜவுளிக்கடையிலோ கூரியர் கம்பெனியிலோ மாதம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். (ஜவுளிக்கடையில் உட்காருவதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-ல்தான்.) 34 மாதத்துக்கு 3,40,000 ரூபாய். மாதச் செலவு 1,619-ஐ 34-ஆல் பெருக்கினால் 55,046. இரண்டும் சேர்ந்து நாலு லட்சத்துக்கு ஐயாயிரம் குறைவு. ஒரு குரூப் 4 சுற்றுக்குக் காத்திருப்பதன் விலை அது.

கிடைத்தால் என்ன? இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பதவிகளுக்குத் தொடக்கம் 19,500. 2022 ஜூலையில் அகவிலைப்படி 34 சதவீதம், ஆக 26,130. வீட்டு வாடகைப்படி தனி. கடைவேலை 10,000-ஐக் கழித்தால் மாதம் 16,130 லாபம். இருபக்கமும் சம்பள உயர்வை மறந்துவிட்டு முப்பது ஆண்டுக்குப் போட்டால் 58 லட்சத்துச் சொச்சம். 301 பேரில் ஒருவருக்கு என்றால் ஒரு விண்ணப்பத்தின் சராசரி மதிப்பு 19,300 ரூபாய். நாலு லட்சத்தை வைத்துப் பத்தொன்பதாயிரத்துக்கு ஆடுவதா?

ஆனால் 301 பேரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. 2022-ல் விண்ணப்பித்த 22 லட்சத்தில் 18.36 லட்சம் பேர்தான் வந்து எழுதினார்கள். எழுதியவர்களிலும் பலர் போகிறபோக்கில் போட்டவர்கள். உண்மையாகப் போட்டியில் இருப்பது பத்தில் ஒருவர் என்று கொண்டால் விகிதம் முப்பதுக்கு ஒன்று, மதிப்பு 1,93,000. இப்போதும் நாலு லட்சத்துக்குக் கீழேதான். நல்ல காலத்தில், ஜவுளிக்கடையில் ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்து படிப்பது நட்டமான ஆட்டம்.

மந்தம் வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வேலையின்மை 49.8 சதவீதம் என்று சிஎம்ஐஇ கணக்கிட்டது. அகில இந்தியச் சராசரி அப்போது 23.5. கடை மூடியிருக்கிறது, 10,000 ரூபாய் வேலையே இல்லை. ஆகவே அதை இழக்கவும் முடியாது. 3,40,000 என்ற வரி அழிந்துபோய், செலவு 55,000 மட்டும் மிஞ்சுகிறது. ஊரடங்கில் பஸ்ஸும் இல்லை, நூலகமும் இல்லை, அதனால் அதுவும் குறைவு. 55,000 வைத்து 1,93,000-க்கு ஆடுவது புத்திசாலித்தனம். “சும்மா இருக்கிறதுக்குப் படிச்சாவது தொலைக்கட்டும்” என்று வீட்டில் சொன்னதை எண்ணில் எழுதினால் இதுதான். 2019-ல் 16.3 லட்சமாக இருந்த விண்ணப்பம் 2022-ல் 22 லட்சமானதில் எனக்கு வியப்பில்லை. அதே 2022-ல் தமிழக வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தோர் எண்ணிக்கை 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஒருவனுக்குப் புத்திசாலித்தனமானது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றுவதுதான் சிக்கல். போட்டியில் உண்மையாக இருப்பவர்கள் முப்பதிலிருந்து அறுபதானால் 1,93,000 என்பது 97,000 ஆகிவிடும். மந்தம் முடிந்து கடை திறந்தபின், இரண்டு ஆண்டு படித்தவனுக்குப் படித்ததை விட மனம் வராது. இன்னும் ஒரு சுற்று என்பான். அந்த இன்னும் ஒரு சுற்றின் விலை மறுபடி நாலு லட்சம், ஆனால் அவன் பழைய 55,000 கணக்கிலேயே இருப்பான். வீட்டுக்காரர்களும் அப்படியே. நெல்லையில் நான் கண்ட பெரிய நட்டங்கள் மந்தத்தின்போது ஏற்பட்டவை அல்ல, அது முடிந்தபிறகு தொடர்ந்தவை.

புதுமைப்பித்தன் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931-ல், உலகப் பெருமந்தத்தின் நடுவில். அவர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வரிசையில் நிற்காமல் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போனதில் தமிழுக்கு லாபம். அவர் வீட்டுக்கு லாபமா என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

வரிசையில் நிற்பவர்கள் கடைசியில் என்ன ஆகிறார்கள்? அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கையில் அகில இந்திய அளவில் ஓர் எண்வரிசை உண்டு. 2021-22-ல் 25 வயதுக்குக் கீழான பட்டதாரிகளில் வேலையின்மை 42.3 சதவீதம். 25-29 வயதில் 22.8. 30-34-ல் 9.8. 35-39-ல் 4.5. நாற்பதுக்கு மேல் 1.6. ஒருநாள் எல்லோரும் எங்கேயோ ஒட்டிக்கொள்கிறார்கள். படித்த படிப்புக்கும் எதிர்பார்த்த சம்பளத்துக்கும் ஏற்ற வேலையா என்பதை அந்த 1.6 சொல்லாது. வயது உச்சவரம்பு கடந்தபின் செல்போன் கடை, நிலத் தரகு, லோன் வசூல், சொந்தக்காரரின் மாவு மில் என்று போனவர்களும் அதில் வேலையுள்ளவர்கள்தான்.

பள்ளத்தாக்கில் வேறு வேலையே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கியது 1885-ல். வி.கே.புரத்தில் அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே சங்குக்கு எழுந்த வீடுகள் உண்டு. மேலே மாஞ்சோலையில் ஒரு கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கித் தேயிலை போட்டது 1929-ல். குத்தகை 2028 வரை இருந்தும், 2024-லேயே அந்தக் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து இறக்கிவிட்டது. இறங்கிவந்த வீடுகளின் பிள்ளைகளும் இப்போது அதே நூலக வரிசையில்.

புதிய வேலை கங்கைகொண்டானில் இருக்கிறது. சிப்காட்டில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலைக்கு 2022 ஜூலையில் ஒப்பந்தம் போட்டபோது சொன்னது 3,000 கோடி முதலீடு, 2,000 பேருக்கு வேலை, பெரும்பாலும் பெண்கள். வகுத்தால் ஒரு வேலைக்கு ஒன்றரைக் கோடி ரூபாய். 2025 பிப்ரவரி 6-ல் ஆலை திறந்தது. ஒப்பந்தத்தில் சொன்ன அந்த 2,000-ஐ அதே 2025-ல் அறிவித்த 3,935 குரூப் 4 இடங்களோடு வைத்துப் பார்த்தேன். ஓர் ஆலை, மாநிலம் முழுமைக்குமான எழுத்தர் இடங்களில் பாதிக்குமேல். இப்படி இன்னும் நாலு வந்தால் நெல்லையின் கணக்கு மாறும் என்பது என் எண்ணம். அம்மாக்கள் அப்படி எண்ணுவதில்லை. ஷிப்ட் வேலை, ஒப்பந்த வேலை, இரவு பதினொரு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் மகள் என்று அவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கும் தப்பில்லை. பயிலும் வட்டத்தில் படித்துவிட்டு ஆலைக்குப் போன பெண்களில் பலர் அடுத்த குரூப் 4-க்கும் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாராந்தர விடுப்பு. 2025-ல் வந்ததுபோல் சனிக்கிழமை வந்தால் ஒருநாள் சம்பளம் பிடித்தம்.